முதலாளி தரும் நாற்காலி, சட்டம் தரும் நாற்காலி

கேள்வி: ஜெர்மனியின் ரூர் பகுதியில் பம்பு தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் வடிவமைப்புப் பொறியாளராக இருக்கிறேன். மொத்தம் 140 பேர். ப்ளூ கார்டு என்ற வேலை விசாவில் வந்தவன் நான். போன வருடம் சிலரைத் திடீரென வேலையை விட்டு அனுப்பினார்கள். அதிலிருந்து ஒர்க்‌ஷாப் ஆட்கள் 'பெட்ரீப்ஸ்ராட்' எனப்படும் தொழிலக மன்றத்துக்குத் தேர்தல் வைக்க வேண்டும் என்கிறார்கள். எல்லோரிடமும் பழகுகிறவன் என்று என்னையும் அழைப்பில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். விஷயம் காதுக்குப் போனதும் எங்கள் நிர்வாக இயக்குநர் என்னைக் காபிக்குக் கூப்பிட்டார். "நாம் ஒரு குடும்பம் மாதிரி. மாதம் ஒருமுறை வட்டமேசை போட்டுப் பேசிக்கொள்ளலாம், தேர்தல் எதற்கு?" என்றார். நல்ல மனிதர்தான். என் அப்பா கோவையில் மில் தொழிலாளியாக இருந்தவர். ஸ்டிரைக், கதவடைப்பு என்று போய்க் கடைசியில் மில்லையே மூடிவிட்டார்கள். 'சங்கத்துப் பக்கமே போகாதே' என்பது அவர் பேச்சு. மூத்த வெல்டர் ஒருவரோ, "நீ தினமும் வருகிற ஹான்ஸ் பெக்லர் தெருவுக்கு யார் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள், அப்புறம் முடிவெடு" என்கிறார். யார் அந்த பெக்லர்? வட்டமேசை போதாதா?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் வெல்டர் கெட்டிக்காரர். சட்டப் புத்தகத்தை நீட்டாமல் தெருப் பலகையைக் காட்டியிருக்கிறார். உங்கள் இயக்குநர் சொன்ன வட்டமேசை, பெக்லரின் வாழ்நாளில் இரண்டு முறை போடப்பட்டது, அதுவும் ஒரு நாட்டின் பெரும் முதலாளிகளால். இரண்டு முறையும் என்ன நடந்தது என்று பார்த்துவிட்டு உங்கள் கையெழுத்துக்கு வருவோம். நான் தொழிலாளர் சட்டம் பார்க்கிறவன், வரலாற்றாசிரியன் அல்ல. அதனால் அவர் வாழ்க்கையில் உங்கள் கேள்விக்கு உதவுகிற இடங்களில் நின்று பேசுவேன், மற்றதைத் தாண்டிப் போய்விடுவேன்.

ஹான்ஸ் பெக்லர் 1875 பிப்ரவரி 26 அன்று, பவேரியாவில் ட்ரவுட்ஸ்கிர்ஷென் என்ற சிற்றூரில் பிறந்தவர். அப்பா குதிரை வண்டியோட்டி. வறுமைதான். ஃபியூர்த் நகரத்தில் தகடு அடிக்கும் தொழில் கற்றுக்கொண்டார். தங்கத்தையும் வெள்ளியையும் இலையாக அடிக்கிற வேலை. சிறு சிறு தகடுகளை மாட்டுக் குடலிலிருந்து எடுத்த மெல்லிய சவ்வுகளுக்கு நடுவே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கட்டாகக் கட்டி, கல்மேடையில் வைத்துக் கனமான சுத்தியலால் மணிக்கணக்கில் அடிக்க வேண்டும். பலம் மட்டும் போதாது. கட்டைத் திருப்பித் திருப்பி, நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒரே சீராக அடிக்காவிட்டால் இலை கிழிந்துவிடும். சரியாக அடித்த இலை மூச்சுக்காற்றுக்கே பறக்கும். கோயில், மாளிகை, புத்தக அட்டை என்று ஊரெல்லாம் மின்னுகிற பொருளைச் செய்தவர்கள் கையில் காசு மின்னவில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பத்தொன்பது வயதில், 1894இல், சோஷலிஸ்டுகளின் கட்சியான சமூக ஜனநாயகக் கட்சியிலும் உலோகத் தொழிலாளர் சங்கத்திலும் சேர்ந்தார். சோஷலிஸ்டுகளை ஒடுக்க பிஸ்மார்க் கொண்டுவந்த சட்டம் காலாவதியாகி அப்போது நான்கே ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. கட்சிப் பெயரைச் சொன்னாலே வேலை போகும் பட்டறைகள் எத்தனையோ.

1903இல் சங்கம் அவரை முழுநேர ஊழியராக்கி, பிரான்ஸ் எல்லையோரம் இருக்கும் சார் பகுதிக்கு அனுப்பியது. இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம், ஏனென்றால் உங்கள் இயக்குநர் சொன்ன 'குடும்பம்' இங்கேதான் வருகிறது. சார் பகுதி அதற்கு முன்பு ஸ்டும் என்ற இரும்பு முதலாளியின் ராஜ்ஜியமாக இருந்தது. 1901இல் அவர் இறந்துவிட்டாலும் அவர் வைத்த வழக்கம் சாகவில்லை. தன்னைத் தொழிலாளிகளின் தகப்பனாக நினைத்தவர் ஸ்டும். வீடு கட்டக் கடன் கொடுத்தார், நோய்க்காலத்துக்கு நிதி வைத்தார். கூடவே, அவர் தொழிலாளி கல்யாணம் செய்துகொள்ள அவரிடம் அனுமதி கேட்க வேண்டும். சோஷலிஸ்ட் பத்திரிகையைக் கையில் வைத்திருந்தால் வேலை போய்விடும். எதிர்க்கட்சிக்காரர்கள் சாரையும் அரேபியாவையும் சேர்த்து அந்த ஊரை 'சாரேபியா' என்று கிண்டலடித்தார்கள். அங்கே போய்த்தான் இருபத்தெட்டு வயது பெக்லர் சங்கத்துக்கு ஆள் சேர்த்தார். குடும்பம் என்று கூப்பிடுகிற இடத்தில் யார் தகப்பன், யார் பிள்ளை என்று பார்க்கிற பழக்கம் அவருக்கு அங்கே வந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

அப்புறம் பிராங்பர்ட், பிரெஸ்லாவ், பெர்லின் என்று சங்க வேலையாகவே ஊர் ஊராகப் போனார். முதல் உலகப்போரில் சிப்பாயாகி, கிழக்கு முனையில் பலத்த காயம்பட்டுத் திரும்பினார்.

இப்போது முதல் வட்டமேசை. 1918 நவம்பர் 9 அன்று பெர்லினில் புரட்சி, கைசர் ஆட்சி போயிற்று. ரஷ்யாவில் முதலாளிகளுக்கு என்ன ஆயிற்று என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்த நேரம். ஆறே நாளில், நவம்பர் 15 அன்று, ரூர் பகுதிப் பெருமுதலாளி ஹூகோ ஸ்டின்னஸும் தொழிற்சங்கத் தலைவர் கார்ல் லெகீனும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அதுவரை சங்கத்தோடு பேசவே மாட்டோம் என்றிருந்தவர்கள், சங்கம்தான் தொழிலாளிகளின் பிரதிநிதி என்று ஒப்புக்கொண்டார்கள். எட்டு மணி நேர வேலைக்குச் சம்மதித்தார்கள். தாங்களே காசு கொடுத்து வளர்த்த கைப்பாவைச் சங்கங்களை இனி ஆதரிப்பதில்லை என்றார்கள். இருதரப்பும் சரிசமமாக உட்காரும் மத்தியக் கூட்டமைப்பு ஒன்றும் உருவாயிற்று. பெர்லினில் அதன் செயலாளர்களில் ஒருவராக வேலை பார்த்தவர் பெக்லர்.

சங்கத்துக்காரர்கள் பலர் வெற்றி என்றே நினைத்தார்கள். நினைத்ததில் தப்பில்லை, ஒரு வாரத்தில் கிடைத்தது கொஞ்சமா? ஆனால் புரட்சிப் பயம் வடிய வடிய மேசையும் ஆட்டம் கண்டது. 1923இல் பணவீக்கம் சங்கங்களின் கையிருப்பைத் தின்று தீர்த்தது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த வேலைநேர ஆணை, எட்டு மணி நேரத்தைத் தாண்ட வழி திறந்துவிட்டது. ரூர் இரும்பாலைகளில் பன்னிரண்டு மணி ஷிப்ட் திரும்பி வந்தது. 1924 ஜனவரியில் தொழிற்சங்கக் கூட்டமைப்பு அந்த மேசையை விட்டு எழுந்து போனது. மேசையில் பேச ஒன்றும் மிஞ்சவில்லை.

பெக்லர் அதற்குள் கொலோன் நகரத்துக்கு வந்துவிட்டார். அந்த நகர மன்றத்தில் உறுப்பினராக இருந்தபோது நகர மேயராக இருந்தவர் கொன்ராட் அடெனவர். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 1927இல் டுசெல்டோர்ஃபில் ரைன்லாந்து-வெஸ்ட்ஃபாலியா வட்டாரச் சங்கக் கூட்டமைப்புக்குத் தலைவரானார், அடுத்த ஆண்டு நாடாளுமன்ற உறுப்பினர். பதவியேற்ற சூட்டிலேயே பெரிய அடி விழுந்தது. 1928 நவம்பரில், அரசு நடுவர் கொடுத்த சம்பளத் தீர்ப்பை ஏற்க மாட்டோம் என்று ரூர் இரும்பு முதலாளிகள் ஆலைக் கதவைச் சாத்தினார்கள். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வாரக்கணக்கில் வெளியே நின்றார்கள். உங்கள் அப்பா பார்த்த கதவடைப்பின் வலி பெக்லரும் அறிந்ததுதான். கதவடைப்பு சங்கம் செய்கிற காரியமல்ல என்பதை அப்பாவிடம் ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள்.

1933 பற்றிப் பேசாமல் போக முடியாது. ஹிட்லர் மே 1ஆம் தேதியை அரசு விடுமுறையாக்கி 'தேசிய உழைப்பின் நாள்' என்றார். சங்கத் தலைமை, அமைப்பைக் காப்பாற்றிவிடலாம் என்ற நப்பாசையில், உறுப்பினர்களை அந்த ஊர்வலத்துக்குப் போகச் சொன்னது. மறுநாள் காலை நாஜிப் படைகள் நாடு முழுக்கச் சங்கக் கட்டடங்களுக்குள் புகுந்தன. டுயிஸ்பர்க்கில் சங்க ஊழியர்கள் நான்கு பேரை அடித்தே கொன்றார்கள். இணங்கிப் போனால் பிழைக்கலாம் என்று நினைத்த அந்தத் தலைமை மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு. பெக்லர் அந்த ஆண்டில் பலமுறை சிறைக்குப் போய் வந்தார்.

அடுத்த ஜனவரியில் வந்த தொழிலாளர் சட்டத்தைச் சட்டக்காரன் என்ற முறையில் நான் அடிக்கடி எடுத்துப் படிப்பதுண்டு. அதன்படி ஆலை முதலாளிதான் ஆலையின் 'ஃபியூரர்', அதாவது தலைவர். தொழிலாளிகள் அவரைப் பின்தொடரும் கூட்டம். 1920இல் வந்த தொழிலக மன்றச் சட்டம் ரத்து. அதற்குப் பதிலாக 'நம்பிக்கை மன்றம்' என்று ஒன்றை வைத்தார்கள். அதில் யோசனை சொல்லலாம், முடிவெடுக்க முடியாது. உங்கள் இயக்குநரை அந்தக் காலத்து ஆட்களோடு ஒப்பிடுகிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அது அநியாயம். ஜெர்மன் தொழிலாளிகளில் வயதானவர்கள் 'தேர்தல் வேண்டாம், நம்பிக்கை போதும்' என்ற பேச்சைக் கேட்டால் ஏன் முகம் சுளிக்கிறார்கள் என்பதற்குத்தான் சொன்னேன்.

பெக்லர் கொலோனில் கண்காணிப்பில் காலம் தள்ளினார். சங்கத்துக்காரர் வில்ஹெல்ம் லாய்ஷ்னர் ரகசியமாகக் கட்டியிருந்த எதிர்ப்பு வலையோடு அவருக்குத் தொடர்பு இருந்தது. 1944 ஜூலை 20இல் ஹிட்லரைக் கொல்லும் முயற்சி தோற்றதும் பெக்லர் கொலோனுக்குக் கிழக்கே இருக்கும் மலைக்கிராமப் பக்கம் தலைமறைவானார். லாய்ஷ்னர் பிடிபட்டு செப்டம்பரில் தூக்கிலிடப்பட்டார். ஒற்றுமையை உருவாக்குங்கள் என்பதுதான் உடனிருந்த கைதிகளுக்கு அவர் விட்டுப்போன செய்தி என்று சொல்வார்கள். 1933க்கு முன்பு சோஷலிஸ்ட் சங்கம், கிறிஸ்தவச் சங்கம், லிபரல் சங்கம் என்று தொழிலாளிகள் பிரிந்து கிடந்ததன் விலை அது.

போர் முடிந்தபோது பெக்லருக்கு எழுபது வயது. நம் ஊரில் என்றால் திண்ணையில் உட்கார்த்தி வைத்திருப்போம். அவருடைய முக்கியமான வேலை அப்போதுதான் தொடங்கியது. எல்லாத் தொழிலுக்கும், எல்லாக் கட்சிக்காரர்களுக்கும் சேர்த்து ஒரே பெரிய சங்கம் வேண்டும் என்று நினைத்தார். பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம் அவ்வளவு பெரிய அமைப்பைக் கண்டு தயங்கியது, வேண்டாம் என்றது. வளைந்து கொடுத்தார். தொழில்வாரியாகத் தனிச் சங்கங்கள், மேலே ஒரு கூட்டமைப்பு என்று ஏற்பாடாயிற்று. 1949 அக்டோபரில் மியூனிக்கில் பதினாறு சங்கங்கள் சேர்ந்து ஜெர்மன் தொழிற்சங்கக் கூட்டமைப்பைத் தொடங்கியபோது முதல் தலைவர் பெக்லர். கிட்டத்தட்ட ஐம்பது லட்சம் உறுப்பினர்கள். கட்சி பார்க்காத சங்கம் என்ற பாதியாவது கைக்கு வந்தது.

இரண்டாவது வட்டமேசை இதற்கு நடுவில் போடப்பட்டது. 1947 ஜனவரி. ரூர் இரும்பாலைகள் பிரிட்டிஷ்காரர்களின் கட்டுப்பாட்டில். ஹிட்லருக்கு ஆயுதம் செய்து கொடுத்த அந்தப் பெரும் கம்பெனிகளை உடைக்கப் போகிறார்கள், இயந்திரங்களைக் கழற்றிக்கொண்டு போகப் போகிறார்கள், அரசுடைமையானாலும் ஆகலாம். அந்தச் சமயத்தில் ஆலை அதிபர்களிடமிருந்து சங்கத்துக்குக் கடிதங்கள் வந்தன. எழுதியவர்களில் ஒருவர் குட்டஹாஃப்னுங்ஸ்ஹூட்டே நிறுவனத்தின் ஹெர்மன் ராய்ஷ். தொழிலாளிகளுக்கு நிர்வாகத்தில் முழுப் பங்கு தரத் தயார் என்பது சாரம். சங்கம் கூட நின்றால் கம்பெனி உடைபடாமல் தப்பும் என்பது உள்ளே இருந்த கணக்கு.

பெக்லர் அந்தக் கணக்கு தெரியாதவர் அல்ல. கம்பெனியைக் காப்பாற்ற அவர் கைகொடுக்கவில்லை. ஆனால் நாற்காலியை விடவும் இல்லை. ஆலைகளை நிர்வகித்த பிரிட்டிஷ்காரர்களோடும், அவர்கள் நியமித்த ஹைன்ரிஷ் டிங்கல்பாக்கோடும் பேசி முடித்தார். 1947 மார்ச் 1 முதல், பிரிக்கப்பட்ட முதல் ஆலைகளில், நிர்வாகத்தைக் கண்காணிக்கும் மேற்பார்வைக் குழு சரிபாதி ஆயிற்று. முதலீட்டுப் பக்கம் ஐந்து பேர், தொழிலாளர் பக்கம் ஐந்து பேர், நடுவில் பதினோராவதாக ஒருவர். நிர்வாகத்தில் தொழிலாளர் இயக்குநர் என்று ஒரு முழுப் பதவியும் வந்தது. ஜெர்மன்காரர்கள் 'மிட்பெஸ்டிம்முங்', அதாவது சேர்ந்து முடிவெடுப்பது, என்று சொல்கிற ஏற்பாட்டின் உச்சம் இதுதான்.

ஆனால் இதற்கும் சட்டம் இல்லை. ராணுவ நிர்வாகத்தின் ஏற்பாடு, அவ்வளவுதான். 1950இல் இரும்புத் தொழில் மெல்ல ஜெர்மன் கம்பெனிச் சட்டத்துக்குத் திரும்புகிறது என்றதும் அதிபர்களின் குரல் மாறியது. அந்தச் சட்டத்தில் தொழிலாளிக்குப் பாதி நாற்காலி என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. பொருளாதார அமைச்சகமும் அந்தப் பக்கமே சாய்ந்தது. 1918இல் நடந்தது அப்படியே மறுபடி நடக்கப் போகிறது.

இந்த முறை பெக்லர் காத்திருக்கவில்லை. 1950 நவம்பர் கடைசியில் உலோகத் தொழிலாளர் சங்கம் உறுப்பினர்களிடம் ரகசிய வாக்கெடுப்பு நடத்தியது. வேலைநிறுத்தத்துக்குத் தயார் என்றவர்கள் 95 விழுக்காட்டுக்கும் மேல். ஜனவரியில் சுரங்கத் தொழிலாளிகள் வாக்களித்தார்கள். அங்கேயும் 90ஐத் தாண்டியது. கேட்டது சம்பள உயர்வு அல்ல, ஒரு சட்டம். அப்போது நாட்டின் தலைமை அமைச்சர் யார்? பழைய கொலோன் மேயர் அடெனவர். ஜனநாயக நாட்டில் வேலைநிறுத்தத்தைக் காட்டி நாடாளுமன்றத்தை மிரட்டக் கூடாது என்று பெக்லருக்குக் கடிதம் எழுதினார். சங்கத்துக்கு உரிமை உண்டு என்று பெக்லர் பதில் எழுதினார். சட்டப்படி அடெனவர் சொன்னதில் வலு இருந்தது என்பதை நான் மறைக்க மாட்டேன். அந்த வாதம் இன்றுவரை தீரவில்லை.

கடிதத்தில் முறைத்துக்கொண்டாலும் இருவரும் நேரில் பேசக் கூடியவர்கள். 1949 கடைசியில் அடெனவர் மேற்கு நாடுகளோடு செய்துகொண்ட பீட்டர்ஸ்பெர்க் உடன்பாட்டை, பெக்லரின் சொந்தக் கட்சித் தலைவர் குர்ட் ஷூமாக்கர் கொதித்து எதிர்த்தபோதும், பெக்லரின் கூட்டமைப்பு ஆதரித்திருந்தது. இயந்திரங்களைக் கழற்றுவது குறையும், வேலைகள் மிஞ்சும் என்பது காரணம். அதற்காகப் பெக்லர் கட்சிக்குள் வாங்கிக் கட்டிக்கொண்டார். அந்தக் கணக்கு இப்போது உதவியது. கொரியப் போரால் நிலக்கரியும் இரும்பும் தட்டுப்பாடு, பிரான்சோடு நிலக்கரி-இரும்பு உடன்பாடு பேச்சில் இருக்கிறது, அடெனவருக்குச் சங்கத்தின் ஆதரவும் வேண்டியிருந்தது. 1951 ஜனவரி 11 அன்று இருவரும் சந்தித்தார்கள். இருவருக்குமே அப்போது எழுபத்தைந்து வயது. அதன்பின் அதிபர்களும் சங்கமும் பல நாள் பேசி ஜனவரி 25இல் உடன்பாட்டுக்கு வந்தார்கள். நிலக்கரி, இரும்புத் தொழிலில் ஆயிரம் பேருக்கு மேல் வேலை செய்யும் கம்பெனிகளில் சரிபாதி. தொழிலாளர் பிரதிநிதிகளின் ஓட்டுக்கு எதிராகத் தொழிலாளர் இயக்குநரை நியமிக்கவும் முடியாது. வேலைநிறுத்தம் நடக்கவே இல்லை. ஒருநாள்கூட.

பிப்ரவரி 16 அன்று பெக்லர் இறந்துபோனார். நாடாளுமன்றம் ஏப்ரல் 10இல் சட்டத்தை நிறைவேற்றியது. 1955இல் அதே ஹெர்மன் ராய்ஷ், 1947இல் கடிதம் எழுதிய அதே மனிதர், அந்தச் சட்டம் சங்கங்களின் முரட்டு மிரட்டலால் வந்தது என்று பேசினார். கேட்டுவிட்டு ரூர் பகுதியில் சுமார் எட்டு லட்சம் பேர் ஒருநாள் வேலையை நிறுத்தினார்கள். தானாகக் கொடுக்க முன்வந்தவரே அதைப் பறிக்கப்பட்டது என்று சொல்ல எட்டு வருடம் போதுமாக இருந்தது.

பெக்லரைச் சாமியாக்க வேண்டியதில்லை. அவர் கேட்டது எல்லாத் துறைக்கும், கிடைத்தது இரண்டு துறைக்கு. முதலாளித்துவம் கடைசி மூச்சை விட்டுக்கொண்டிருக்கிறது என்று 1946இல் பேசியவர். அது எவ்வளவு தெம்பாக எழுந்து நடந்தது என்பது உங்கள் கம்பெனி வாசலில் நின்றாலே தெரியும். ரூர் சுரங்கங்களைப் பொதுவுடைமையாக்க மாநிலச் சட்டமன்றம் 1948இல் போட்ட சட்டத்தை பிரிட்டிஷ்காரர்கள் ஏற்கவில்லை. அவர் போன பிறகு, 1952இல் மற்றத் துறைகளுக்கு வந்த தொழிலக அமைப்புச் சட்டம் பாதிக்குப் பதிலாக மூன்றில் ஒரு பங்கு நாற்காலிதான் கொடுத்தது. எதிர்த்துப் பத்திரிகை அச்சகங்களைக்கூட நிறுத்திப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. சங்கங்கள் அன்று தோல்வி என்று திட்டிய அந்தச் சட்டம், 1972இல் திருத்தி எழுதப்பட்ட வடிவில், இன்று உங்களுக்கு பெட்ரீப்ஸ்ராட் உரிமையைக் கொடுக்கிறது.

இப்போது உங்கள் விஷயம். முதலில் ஒரு தெளிவு. பெக்லர் வாங்கிய பாதி நாற்காலி உங்கள் கம்பெனிக்குக் கிடையாது. மேற்பார்வைக் குழுவில் மூன்றில் ஒரு பங்கு என்பது பொதுவாக ஐந்நூறு பேருக்கு மேல், பாதி என்பது இரண்டாயிரத்துக்கு மேல். 140 பேருக்குக் கிடைப்பது ஏழு பேர் கொண்ட பெட்ரீப்ஸ்ராட். இது சங்கமும் அல்ல. வேலைநிறுத்தம் செய்ய அதற்கு அதிகாரமே இல்லை, நிர்வாகத்தோடு நம்பிக்கையோடு சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது. அப்பா பயப்படுகிற எதுவும் இந்த மன்றத்தின் கையில் இல்லை. சங்கத்தில் சேருவது தனி முடிவு. சேராமலும் மன்றத்துக்கு நிற்கலாம்.

வட்டமேசையால் என்ன முடியாது என்று பாருங்கள். போன வருடம் ஆட்களை அனுப்பினார்களே, மன்றம் இருந்திருந்தால் ஒவ்வொரு நீக்கத்துக்கும் முன்பு அதன் கருத்தைக் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் செய்த நீக்கம் செல்லாது. ஓவர்டைம், ஷிப்ட் நேரம், உங்கள் வேலையைக் கண்காணிக்கக் கூடிய சாப்ட்வேர், இவற்றில் மன்றம் சம்மதிக்காமல் நிர்வாகம் தன் இஷ்டத்துக்கு நகர முடியாது. ஒத்துப் போகாவிட்டால் நடுவர் குழு முடிவு செய்யும். பெரிய அளவில் ஆட்குறைப்பு வந்தால் இழப்பீட்டுத் திட்டம் கேட்டு வாங்கலாம், ஆனால் நிர்வாகம் ஆட்குறைப்பில் இறங்கும்போதே மன்றம் இருந்தாக வேண்டும். வெள்ளம் வந்தபின் அணை கட்ட முடியாது. வட்டமேசையில் இதில் ஒன்றுகூட இல்லை. பேசலாம், காபி நன்றாக இருக்கும், அடுத்த மாதம் இயக்குநர் மாறினால் மேசையும் போய்விடும். உங்கள் இயக்குநர் நல்லவர் என்கிறீர்கள், நம்புகிறேன். நல்லவர் இருக்கும்போதே எழுதி வைத்துக்கொள்வது சுலபம்.

அவரிடம் முறுக்கிக்கொள்ள வேண்டாம். "வட்டமேசைக்கு நன்றி, அதையும் வைத்துக்கொள்வோம், தேர்தலும் நடக்கட்டும்" என்று சொன்னால் போதும். தேர்தலைத் தடுப்பது சட்டப்படி குற்றம், செலவும் கம்பெனியுடையது என்பது அவருடைய வக்கீலுக்குத் தெரியும். மன்றமே இல்லாத இடத்தில் நான்கு வருடத் தேர்தல் சுழற்சிக்குக் காத்திருக்கவும் வேண்டாம், எப்போது வேண்டுமானாலும் வைக்கலாம்.

ப்ளூ கார்டு விஷயத்தில் உங்கள் மனைவியோ நீங்களோ பயப்பட்டால் அது வீண் பயம் என்று தள்ள மாட்டேன். வெளிநாட்டுக் குடிமகன் வாக்களிக்கலாம், ஆறு மாதம் வேலை செய்திருந்தால் போட்டியிடலாம், சங்கத்தில் சேரலாம். அதற்காக விசா போகாது. ஆனால் வேலை போனால் விசாவுக்குச் சிக்கல் வரும், அதனால் வேலையைக் காக்கிற பாதுகாப்பை வரிசையாகப் போட்டுக்கொள்ளுங்கள். மூன்று பேர் கையெழுத்திட்டால் தேர்தல் கூட்டத்துக்கு அழைக்கலாம். அழைத்தவர்களை, அழைப்பு வெளியான நாள் முதல் தேர்தல் முடிவு வரும் வரை, சாதாரண நோட்டீஸ் கொடுத்து நீக்க முடியாது. அதற்கு முன்பே தயாரிப்பு வேலையில் இறங்கினால், நோட்டரி முன்பு ஓர் உறுதிமொழியில் கையெழுத்திட்டு வைக்கலாம். நடத்தை சரியில்லை என்பது போன்ற காரணம் காட்டி அனுப்புவதற்கு எதிராக அது அதிகபட்சம் மூன்று மாதம் காக்கும். தேர்தல் குழுவில் இருந்தாலும் வேட்பாளராக நின்றாலும் முடிவுக்குப் பிறகு ஆறு மாதம் வரை பாதுகாப்பு, ஜெயித்தால் பதவிக்காலமும் அதற்குமேல் ஒரு வருடமும். கையாடல், அடிதடி போன்ற கடுமையான காரணம் இருந்தால் இவை எதுவும் காக்காது. அதனால் இந்த மாதங்களில் வேலை நேரப் பதிவு, செலவுக் கணக்கு எல்லாவற்றிலும் துல்லியமாக இருங்கள். கம்பெனிக் கணினியிலிருந்து இது சம்பந்தமாக ஒரு மெயிலும் அனுப்பாதீர்கள்.

சங்கத்தில் சேர நினைத்தால் சந்தா மொத்தச் சம்பளத்தில் ஏறக்குறைய ஒரு விழுக்காடு. அவர்களுடைய சட்ட உதவி பொதுவாக மூன்று மாத உறுப்பினரான பிறகே கிடைக்கும், ஆகவே சேருவதென்றால் பிரச்சினை வரும்வரை காத்திருக்காமல் இப்போதே சேருங்கள். உள்ளூர் சங்க அலுவலகத்தில் முதல் முறை ஆலோசனை கேட்க உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. அழைப்புக் கடிதத்தையும் அவர்களே சரிபார்த்துக் கொடுப்பார்கள்.

கடைசியாக ஒன்று. அழைப்புக் கடிதத்தில் எத்தனை பேர் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடலாம். ஆனால் அழைத்தவர்களுக்கான பாதுகாப்பு வரிசையில் முதல் ஆறு பெயர்களுக்குத்தான். கையெழுத்துப் போடுவது என்று முடிவெடுத்தால், உங்கள் பெயர் ஆறாவதைத் தாண்டிப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.